மறுபடி கம்பைல் செய்தால் போதுமா?

2025 மார்ச்சில் கோலாலம்பூரில் மலேசிய அரசும் ஆர்ம் நிறுவனமும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. பத்து ஆண்டுகளில் 250 மில்லியன் அமெரிக்க டாலரை மலேசியா கொடுக்கும். ஆர்மின் சிப் வடிவமைப்புகளைப் பயன்படுத்தும் உரிமையும் 10,000 பொறியாளர்களுக்கான பயிற்சியும் பதிலுக்குக் கிடைக்கும். பிரிக்ஃபீல்ட்ஸிலும் கிள்ளானிலும் கணினித்துறை படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இது பெரிய வாய்ப்பு. ஆனால் இன்டெல் வகைச் சிப்புகளிலேயே பழகியவர்களிடம், சிப் மாறும்போது என்னவெல்லாம் மாறும் என்பதைப் பற்றிச் சில தவறான நம்பிக்கைகள் உண்டு. டிரேசிங் கருவிகள் விஷயத்தில் அவை நன்றாகவே வெளிப்படும். ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலையும் (இயங்குதளத்தின் மையப்பகுதி) நிரல்களையும் நிறுத்தாமல், உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துச் சொல்பவை இந்தக் கருவிகள். எஸ்டிரேஸ், டிடிரேஸ், கேபுரோப்ஸ் எல்லாம் இந்த இனம்தான்.

நம்பிக்கை: சி மொழியில் எழுதியதுதானே, புதுச் சிப்புக்கு மறுபடி கம்பைல் செய்தால் போதும்.

கணக்குப் போடும் நிரலுக்கோ கடைக்கான பில்லிங் மென்பொருளுக்கோ இது ஏறக்குறைய உண்மை. சிப்புக்குச் சிப்பு உள்ள வேறுபாடுகளைக் கம்பைலர் மறைத்துவிடும். டிரேசிங் கருவியோ கம்பைலர் மறைத்த இடத்திலேயே கைவைக்கிறது. சில கருவிகள் சிப்பின் கட்டளைகளையே திருத்துகின்றன.

கேபுரோப்ஸைப் பாருங்கள். லினக்ஸ் கெர்னலில் ஏறத்தாழ எந்த இடத்திலும் ஒரு கண்காணிப்புப் புள்ளி வைக்க உதவும் வசதி இது. 2002 அக்டோபரில் இதன் முதல் வடிவத்தை எழுதியவர் வம்சி கிருஷ்ணா. ஐபிஎம்மின் பெங்களூரு லினக்ஸ் குழு வளர்த்தெடுக்க, 2004இல் லினக்ஸ் 2.6.9 பதிப்பில் சேர்ந்தது. கவனிக்க வேண்டிய கட்டளையின் முதல் பைட்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 0xCC என்ற ஒற்றை பைட்டை வைப்பதுதான் இன்டெல் சிப்பில் அடிப்படை வேலை. சிப் அங்கே வந்ததும் நின்று கெர்னலைக் கூப்பிடும். கருவி வேண்டிய தகவலைக் குறித்துக்கொள்ளும். அதன்பின் மூலக் கட்டளையையும் ஓட்டியாக வேண்டுமே! அதன் நகலை வேறோர் இடத்தில் வைத்து, அந்த ஒரே கட்டளையை மட்டும் ஓடவிட்டு, பழைய பாதைக்குத் திரும்புவார்கள்.

சிக்கல் வருவது அந்த நகலில்தான். 2004 அக்டோபரில் ஜிம் கெனிஸ்டனும் பிரசன்னா பஞ்சமுகியும் இதை 32 பிட் இன்டெல்லிலிருந்து 64 பிட்டுக்குக் கொண்டுபோனார்கள். அதே குடும்பத்துச் சிப்தான். ஆனால் 64 பிட்டில் ஒரு புதிய முகவரி முறை வந்திருந்தது: "நான் இருக்கும் இடத்திலிருந்து இத்தனை பைட் தள்ளி" என்று கட்டளைகள் நினைவகத்தைச் சுட்டலாம். அப்படிப்பட்ட கட்டளையை வேறிடத்தில் நகலெடுத்து ஓட்டினால், "நான் இருக்கும் இடம்" மாறிவிடும்; தவறான இடத்தைத் தொடும். இதைக் கையாளும் திருத்தம் 2005 மார்ச்சில் ரோலண்ட் மெக்ராத் மூலம் வந்தது. இந்தப் பிழையைக் கண்டுபிடித்துச் சொல்ல எந்தக் கம்பைலராலும் முடியாது. கம்பைலரின் பார்வையில் அங்கே பிழையே இல்லை.

64 பிட் ஆர்ம் கதை இன்னும் அழுத்தமானது. அந்தச் சிப்புக்கான ஆதரவு லினக்ஸ் 3.7 பதிப்பில், 2012 டிசம்பரில் வந்துவிட்டது. கேபுரோப்ஸ் அங்கே வந்தது 4.8 பதிப்பில், 2016 அக்டோபரில். லினாரோ அமைப்புக்காக சந்தீப பிரபு 2013இலேயே தொடங்கிய வேலை அது. டேவிட் லாங் தொடர்ந்து கொண்டுபோய்ச் சேர்த்தார். ஏன் இத்தனை காலம்? ஆர்மில், இருக்கும் இடத்தைச் சார்ந்து இயங்கும் கட்டளைகளை நகலெடுத்து ஓட்டாமல், அவை என்ன செய்யுமோ அதை மென்பொருளிலேயே நடித்துக் காட்டும் பகுதியைத் தனியாக எழுத வேண்டியிருந்தது. அதைவிட ஆழமான சிக்கல் ஒன்றும் உண்டு. நினைவகத்தில் ஒரு மதிப்பை வேறு யாரும் இடையில் தொடாமல் மாற்ற, ஆர்ம் இரண்டு கட்டளைகளை ஜோடியாகப் பயன்படுத்துகிறது: ஒன்று தனியுரிமையோடு படிக்கும், மற்றது தனியுரிமை இன்னும் இருந்தால் மட்டும் எழுதும். இரண்டுக்கும் நடுவே கண்காணிப்புப் புள்ளி வைத்தால், சிப் கெர்னலுக்குள் போய்த் திரும்பும்போது அந்தத் தனியுரிமை அழிந்துவிடும். எழுதுவது தோற்கும். நிரல் முதலிலிருந்து முயலும். மறுபடியும் அதே புள்ளி, அதே தோல்வி. முடிவே இல்லாத சுழல். அதனால் ஆர்ம் போர்ட் (ஆர்முக்காக மாற்றி எழுதிய வடிவம்), புள்ளி வைக்கும் முன் சுற்றியுள்ள கட்டளைகளை ஆராய்ந்து, இத்தகைய இடமென்றால் வைக்கவே மறுத்துவிடும். வேலையை எங்கே செய்யக் கூடாது என்று அறிவதும் போர்ட்டிங்கின் பாதி என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

நம்பிக்கை: லினக்ஸ் எங்கும் லினக்ஸ்தான், சிஸ்டம் கால்கள் எல்லாச் சிப்பிலும் ஒன்றே.

சிஸ்டம் கால் என்பது நிரல் கெர்னலிடம் வேலை கேட்கும் அழைப்பு. பெயர்கள் பெரும்பாலும் ஒன்று, எண்கள் வேறு. எழுதும் கால் 32 பிட் இன்டெல்லில் 4, 64 பிட்டில் 1, 64 பிட் ஆர்மில் 64. அந்த எண்ணை 64 பிட் இன்டெல்லில் ஆர்ஏஎக்ஸ் ரெஜிஸ்டரில் தேட வேண்டும், ஆர்மில் எக்ஸ்8இல். கோப்பைத் திறக்கும் பழைய ‘ஓபன்’ கால் 64 பிட் ஆர்மில் இல்லவே இல்லை. ‘ஓபன்அட்’ வகைதான் உண்டு. பழைய பாடப்புத்தகத்தைப் பார்த்து ‘ஓபன்’ காலை வடிகட்டும் மாணவருக்கு, ஆர்ம் கணினியில் ஒரு வரிகூடக் கிடைக்காது. கருவி பழுது என்று நினைத்துவிட வேண்டாம். எஸ்டிரேஸ் ஒவ்வொரு சிப் வகைக்கும் தனித்தனி அட்டவணை வைத்திருப்பது இதனால்தான்.

இந்த எஸ்டிரேஸ் லினக்ஸில் பிறந்ததும் அல்ல. 1991இல் பால் கிரானன்பர்க் இதைச் சன் நிறுவனத்தின் சன்ஓஎஸ்ஸுக்காக எழுதினார். பிராங்கோ லாங்கெஸ்டர் லினக்ஸுக்குக் கொண்டுவந்தார். சொலாரிஸ், ஐரிக்ஸ் என்று பல இயங்குதளங்களில் ஓடியபின், இன்று லினக்ஸுக்கு மட்டும் என்று சுருங்கிவிட்டது. போர்ட்டைப் பேணிக் காக்க ஆள் இல்லாவிட்டால் அது நிலைக்காது.

நம்பிக்கை: திறந்த மூலம் என்றால் எங்கும் எடுத்துச் செல்லலாம்.

டிடிரேஸைப் பொறுத்தவரை தடையாக நின்றது சிப் அல்ல, உரிமம். சன் நிறுவனத்தில் பிரையன் கான்ட்ரில், மைக் ஷபிரோ, ஆடம் லெவன்தால் மூவரும் உருவாக்கிய இது 2005இல் சிடிடிஎல் என்ற உரிமத்தோடு திறந்துவிடப்பட்டது. 2007இல் ஆப்பிளின் மேக் இயங்குதளமான லெப்பர்டில் வந்தது. ஜான் பிரெல்லின் உழைப்பால் ஃப்ரீபிஎஸ்டி 7.1இல், 2009 ஜனவரியில் சேர்ந்தது. லினக்ஸின் ஜிபிஎல் உரிமத்தோடு சிடிடிஎல் ஒத்துப்போகாததால், மையக் கெர்னலுக்குள் அதற்கு இடம் கிடைக்கவில்லை. சன்னை வாங்கிய ஆரக்கிள் கெர்னல் பகுதியை ஜிபிஎல்லுக்கு மாற்றியபோது பத்தாண்டுக்கு மேல் கடந்திருந்தது. அதற்குள் லினக்ஸ் தன் சொந்தக் கருவிகளை வளர்த்துக்கொண்டது. 2019இல் மைக்ரோசாஃப்ட் விண்டோஸுக்கும் டிடிரேஸைக் கொண்டுவந்தது. கெர்னல் குறியீட்டை யாரும் மாற்றாதபடி விண்டோஸ் காவல் வைத்திருப்பதால், அங்கே கெர்னல் பக்கமே புதிய வழி திறக்க வேண்டியிருந்தது.

பெயர் ஒன்று என்பதால் பலனும் ஒன்று என்று எண்ணுவதும் தவறு. 2015க்குப் பின் வந்த மேக்குகளில் சிஸ்டம் ஒருமைப்பாட்டுக் காப்பு இயல்பாகவே இயங்குவதால், ரூட் உரிமையோடு போனாலும் ஆப்பிளின் சொந்த நிரல்களை டிடிரேஸால் பார்க்க முடியாது.

நம்பிக்கை: ஈபிபிஎஃப் வந்துவிட்டது, இனி போர்ட்டிங்கே வேண்டாம்.

ஈபிபிஎஃப் பெரிய முன்னேற்றம்தான். கெர்னலுக்குள் பாதுகாப்பாக ஓடும் சிறு நிரல்களை, சிப் சாராத ஒரு கட்டளைமொழியில் எழுத முடிகிறது. ஆனால் அந்தக் கட்டளைமொழியை வேகமாக ஓட்ட, ஒவ்வொரு சிப்பின் மொழிக்கும் மாற்றித் தரும் பகுதியை யாரோ எழுதியாக வேண்டும். 64 பிட் பவர்பிசி சிப்புக்கு 2016இல் அதை எழுதியவர் ஐபிஎம்மின் நவீன் ராவ். பயன்படுத்துபவருக்கும் சிப் வேறுபாடு தட்டுப்படும். கெர்னலில் கோப்பு திறக்கும் செயல்கூற்றின் பெயர் இன்டெல்லில் ‘எக்ஸ்64’ என்ற முன்னொட்டோடும், ஆர்மில் ‘ஆர்ம்64’ என்ற முன்னொட்டோடும் இருக்கும். இன்டெல் கணினியில் ஓடிய ஒற்றைவரி நிரலை ஆர்மில் அப்படியே ஒட்டினால், அப்படி ஒரு பெயரே இல்லை என்று கருவி திருப்பி அனுப்பிவிடும்.

நம்பிக்கை: இதெல்லாம் கலிபோர்னியாவில் செய்கிற வேலை, நமக்கு எட்டாது.

இதைக் கேட்கும்போதுதான் எனக்கு அதிகம் வருத்தமாக இருக்கிறது. கேபுரோப்ஸ் மூலக்கோப்பின் தலைப்பகுதியைத் திறந்து படியுங்கள்: வம்சி கிருஷ்ணா, பிரசன்னா பஞ்சமுகி, சுபர்ணா பட்டாச்சார்யா. பவர்பிசி போர்ட்டின் கோப்பில், 2004 நவம்பர் என்ற தேதியோடு ஆனந்த் மாவினகாயனஹள்ளி. பயனர் நிரல்களுக்கான யுபுரோப்ஸை 2012இல் லினக்ஸ் 3.5 பதிப்பில் சேர்த்ததில் முன்னின்றவர் ஸ்ரீகர் துரோணம்ராஜு. பெங்களூரில் உட்கார்ந்து உலகத்துக் கெர்னலை எழுதியிருக்கிறார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆர்ம் பயிற்சிக்குப் போகப்போகும் பிள்ளைகளுக்கு இந்தப் பெயர்களை யாராவது சொல்ல வேண்டும்.

எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு: லினக்ஸ் மூலக்குறியீட்டின் ஆவணப் பிரிவில் வசதிவாரியாக ஓர் அடைவு இருக்கிறது. கேபுரோப்ஸ், யுபுரோப்ஸ் போன்ற ஒவ்வொரு வசதிக்கும் ஓர் அட்டவணை. அதில் ஒவ்வொரு சிப் வகைக்கும் எதிரே ‘முடிந்தது’ அல்லது ‘செய்ய வேண்டியது’ என்ற குறி. அதைப் பார்க்க இணைய இணைப்பு மட்டும் போதும். ‘செய்ய வேண்டியது’ என்ற குறி இன்னும் பல கட்டங்களில் அப்படியே நிற்கிறது.