ஏரியலும் வடமும்

ஏரியலை உயர்த்துதற்குப் பெரும்பொருள் செலவிடுவோர், அதனைக் கருவியோடு இணைக்கும் வடத்தைப்பற்றிச் சிறிதும் எண்ணாதிருத்தல் வியப்பே. அமெச்சூர் வானொலியில் ஈடுபட்ட மாணவ நண்பர்கட்கு யாம் கூறப்புகுவது அவ்வடத்தைப் பற்றியே.

கோ-ஆக்ஸியல் கேபிள் எனப்படும் இதன் நடுவே செப்புக்கம்பியும், அதனைச் சூழ மின்கடத்தாப் பொருளும், அதன்மேற் பின்னிய செப்புவலையும், புறத்தே உறையும் உள. ஆங்கில அறிஞர் ஆலிவர் ஹெவிசைடு 1880-இல் இவ்வமைப்புக்கு உரிமைப்பட்டயம் பெற்றார்.

வடத்தினுள் அலையாற்றலின் ஒரு பகுதி வெப்பமாய் வீணாகும். 144 மெகாஹெர்ட்ஸில், 5 மில்லிமீட்டர் பருமனுள்ள ஆர்.ஜி.58 வடம் 30 மீட்டருக்குள் ஏறத்தாழ 6 டெசிபெல்லை விழுங்கும்; அஃதாவது, 100 வாட் செலுத்தின் 25 வாட்டே ஏரியலை எய்தும். 10 மில்லிமீட்டர் பருமனுள்ள ஆர்.ஜி.213 எனின் பாதிக்குச் சற்று மேல் எய்தும். ஏரியலிலிருந்து வரும் மெலிந்த குரலுக்கும் இவ்விழப்பே உண்டு. 2004 டிசம்பர் ஆழிப்பேரலையின்போது அந்தமானினின்று செய்தி விடுத்தோருள் அமெச்சூர் வானொலியரும் இருந்தனர். அத்தகைய வேளையில் ஒரு குரல் கேளாது போதற்கு வடமும் ஏதுவாகலாம். 7 மெகாஹெர்ட்ஸிலோ இழப்புச் சிறிது. ஆங்கு வடத்தை மாற்றுதல் வீண்செலவென்பது எம் கருத்து.

தொலைக்காட்சிக்குரிய வடம் 75 ஓம். செலுத்திகள் பெரும்பாலும் 50 ஓமுக்கு அமைந்தவை. மாறி வாங்கற்க.

மற்றொன்று. ஏரியல் பொருந்தாதபோது ஆற்றல் திரும்பிவரும். அதனை அளவைக்கருவி காட்டும். பழுதுற்ற வடமோ திரும்புவதையும் விழுங்கிவிடுதலின், கருவி ‘எல்லாம் நலம்’ எனப் பொய்க்கரி கூறும். ஆதலின் ஏரியலின் அருகிலேயே அளத்தல் தக்கது. இணைப்பில் மழைநீர் புகின், செப்புவலை விளக்குத்திரிபோல் அதனை உள்ளீர்க்கும். அவ்வடத்தை உலர்த்த முயலாது களைந்து, புதிய வடத்தின் இணைப்பை நீர்புகா நாடாவாற் சுற்றுக.