தோட்டத்தில் ஒரு ‘தப்பித்த கணக்கு’

“நஞ்சில்லா விவசாயம் செய்கிறோம், நமக்கென்ன ஆபத்து?” என்று நண்பர்கள் பலர் கேட்கிறார்கள். பூச்சிக்கொல்லி அடித்து மயங்கி விழும் ஆபத்து நமக்கு இல்லைதான். ஆனால் மூடாக்குக்குள் பாம்பு இருக்கும். சாண எரிவாயுக் கலனில் நச்சுவாயு இருக்கும். மட்டை தூளாக்கும் இயந்திரம் கைக்கும் மட்டைக்கும் வித்தியாசம் பார்க்காது.

நான் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன். அங்கே பெட்டகத்தைத் திறக்க இரண்டு சாவி வேண்டும். இரண்டும் இரண்டு பேரிடம் இருக்கும். யாரையும் சந்தேகப்பட்டு அல்ல, முறை அது. தோட்டத்துக்கும் அப்படிச் சில முறைகள் வேண்டும். எங்கள் தோட்டத்தில் கடைப்பிடிப்பவை இவை:

1. காலையில் ஐந்து நிமிடம்: “இன்னிக்கு வேலையில எதுல அடிபடும்?” என்று வேலைக்கு வருபவர்களிடமே கேட்பேன். ஆடுகிற மண்வெட்டிக் காம்பு, தோல் உரிந்த ஒயர் எல்லாம் அப்படித்தான் தெரிய வந்தது.

2. மூடாக்கில் வெறுங்கை கூடாது: முதலில் குச்சியால் கிளற வேண்டும். காலில் பூட்ஸ் வேண்டும். பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள். கடிபட்டவரை நடக்க விடாமல், கை காலை அசைக்காமல், 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் ஒரே முறிமருந்துதான். பாம்பைத் தேடி நேரத்தை விட வேண்டாம்.

3. கலனிலும் பாழுங்கிணற்றிலும் இறங்குவதில்லை: விளக்கு அணையாமல் எரிந்தால் காற்று நல்லா இருக்கு என்று நம்புகிறார்கள். விளக்கு காட்டுவது பிராணவாயு குறைவைத்தான். ஹைட்ரஜன் சல்பைடு இருப்பதைக் காட்டாது. மீத்தேன் இருந்தால் விளக்கே ஆபத்து. ஒருவர் உள்ளே மயங்கினால் அடுத்தவர் குதிக்கக் கூடாது. இரண்டாவது உயிர் போவது அப்படித்தான். தீயணைப்பு நிலையத்தை 101-ல் அழையுங்கள்.

4. இயந்திரம் நின்ற பிறகே கை: மட்டை சிக்கினால் இன்ஜினை நிறுத்தி, கத்தி சுற்றுவது நின்ற பிறகுதான் எடுக்க வேண்டும். டிராக்டரின் பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு 9 சுற்று சுற்றும். துண்டோ முந்தானையோ மாட்டினால் இழுத்துக்கொள்ள அவகாசமே இருக்காது.

5. தப்பித்த கணக்கு: மோட்டார் கொட்டகையில் ஒரு நோட்டு தொங்குகிறது. “யாருக்கும் அடிபடல, ஆனா பட்டிருக்கும்” என்கிற சம்பவங்களை அதில் எழுதுகிறோம். பேர் எழுதுவதில்லை. எழுதினால் அடுத்த தடவை யாரும் சொல்ல மாட்டார்கள். சனிக்கிழமை கூலி கொடுக்கும்போது அதைப் படித்து, சரிசெய்ய வேண்டியதைச் சரிசெய்கிறோம்.

இதெல்லாம் நடக்க ஒரு விஷயம் முக்கியம். ‘வேண்டாம்’ என்று சொன்னவருக்குக் கூலி குறையக் கூடாது. சென்ற ஐப்பசியில் தேங்காய் பறிக்க வந்தவர், “மரம் வழுக்குதுங்க ஐயா, இன்னிக்கு வேண்டாம்” என்றார். அன்றைய கூலியைக் கொடுத்து அனுப்பினேன். அடுத்த வாரமே, களை எடுக்க வரும் அம்மா ஒருவர், மோட்டார் பெட்டியில் கை வைத்தால் சுரீர்னு இழுக்குது என்று வந்து சொன்னார். பல நாளாகவே அப்படி இருந்ததாம். சொன்னால் நாளைக்கு வேலை இருக்காதோ என்ற பயம். அன்றே எலக்ட்ரீஷியனை வரவழைத்து எர்த் கம்பியை மாற்றினோம்.

நாமும் பூட்ஸ் போட வேண்டும். தோட்டக்காரரே வெறுங்காலில் நின்றால் வேறு யார் போடுவார்கள்? ஒரு நோட்டும் பேனாவும் போதும், நாளைக்கே தொடங்கலாம்.