ஸ்கீ விளிம்பைத் தீட்ட: அரமா, மெஷினா?

ஃபர்ஸ்ட் இயர் ஃபிட்டிங் லேப் ஞாபகம் இருக்கா? எம்.எஸ். பிளாட்டை வைஸ்ல மாட்டி, கை கடுக்க ராவி, கடைசியில ட்ரை ஸ்கொயர் வச்சா நடுவுல வெளிச்சம் தெரியும். அந்த லேப் எதுக்குன்னு எனக்குப் போன டிசம்பர்லதான் புரிஞ்சது. ஆஸ்திரியாவுல, இன்ஸ்ப்ரூக்ல படிக்கிற எங்க பெரியம்மா பொண்ணு பழைய ஸ்கீ ஒரு ஜோடி வாங்கிட்டு, "டேய், நீ மெக்கானிக்கல்தானே, இதை வீட்லயே தீட்டலாமா?"ன்னு வீடியோ கால்ல கேட்டாங்க. நான் பனியையே நேர்ல பார்த்ததில்லை. ஆனா கேள்வி நம்ம சிலபஸ்.

ஸ்கீயோட அடிப்பக்கம் பாலிஎத்திலீன். ரெண்டு ஓரத்துலயும் சுமார் 2 மி.மீ. எஃகுப் பட்டை ஓடும். ஒரு காலத்துல வெறும் மரம்தான். 1926-ல ஆஸ்திரியாக்காரர் ருடால்ஃப் லெட்னர்தான் எஃகுத் துண்டுகளை ஓரத்துல திருகி வச்சார். மெத்துன பனியில ஓரம் மழுங்கியிருந்தாலும் சமாளிக்கலாம். இறுகின ஐஸ்ல திரும்பும்போது ஆளோட எடை மொத்தமும் அந்த மெல்லிசு ஓரத்து மேலதான். அது கடிக்கலைன்னா பக்கவாட்டுல சறுக்கிட்டே போக வேண்டியதுதான், கீழே மரம் இருந்தாலும் ஆள் இருந்தாலும்.

இப்போ கோணம். விளிம்புக்கு ரெண்டு முகம். அடிமுகம் பனியிலிருந்து 0.5 முதல் 1 டிகிரி மேல சாஞ்சிருக்கும். பக்கமுகம் 90-லிருந்து 1 முதல் 3 டிகிரி உள்ளே சாயும். பக்கத்துல 2, அடியில 1-ன்னா உண்மையான கூர்கோணம் எவ்வளவு? 87-ன்னு சொன்னா தப்பு. அடிச்சாய்வு கோணத்தை விரிக்குது, அதனால 88 + 1 = 89.

இதுலதான் பொறி இருக்கு. பக்கமுகத்தை எத்தனை தடவை வேணாலும் அதே கோணத்துல ராவலாம், பட்டை தேயும், அவ்வளவுதான். அடிமுகத்தை ராவ ராவ சாய்வு கூடிக்கிட்டே போகும். குறைக்கணும்னா கடையில முழு அடிப்பக்கத்தையும் கிரைண்ட் பண்ணணும். அதனால வீட்ல அடிமுகத்தைத் தொடாதீங்க.

கையால செய்ய, கோணம் மாறாம பிடிக்கிற ஒரு கைடு, அரம், டைமண்ட் கல் போதும். கல்லுல உரசின இடம் சூடாகி, பனியில உடனே குளிர்ந்து இறுகிடும். நம்ம குவென்ச்சிங்கேதான்! அங்க அரம் வழுக்கும், பல்லும் போயிடும். முதல்ல டைமண்ட் கல்லால அந்த இடத்தை இறக்குங்க. அப்புறம் விளிம்பு முழுக்க மார்க்கர் பூசி, ஒரே திசையில, நீளமா இழுங்க. மை எங்க மிச்சமோ அங்க அரம் படலை. அரத்தூளை அப்பப்போ துடைக்கணும், இல்லைன்னா அடிப்பக்கத்துல குத்தும். கடைசியில ரப்பர் கல்லால லேசா பிசிறை எடுங்க.

மெஷின்? வேகம், கோணமும் சரியா வரும். ஆனா ஒரு நொடி ஒரே இடத்துல நின்னா பள்ளம். தண்ணி இல்லாம சுத்துற டிஸ்க்ல அழுத்தினா விளிம்பு நீலமாகும், டெம்பர் போச்சு. கடை மெஷின்ல தண்ணி ஓடும். வாரம் பத்து ஜோடி தீட்டுறவங்களுக்கு வீட்டு மெஷின் சரி. ஒரே ஜோடிக்கு அரம்தான் என் ஓட்டு.

அக்கா மூணு இழுப்புல மை போயிடுச்சுன்னாங்க. நகத்தை விளிம்புல இழுத்தப்போ வெள்ளையா சீவல் வந்துச்சு. ஒரு இடத்துல மட்டும் கல்லடி ஆழம். அதை எடுக்கணும்னா மொத்த ஓரத்தையும் குறைக்கணும். அதை அப்படியே விட்டுட்டாங்க.