மினாரின் படமும் உன் ஒரு வரியும்



'நெப்போலியனின் ருஷியப் படையெடுப்பைக் காட்டும் வரைபடம்' என்று படத்துக்கு மாற்று உரை எழுதிய பிறகு கண் தெரியாதவருக்கு இன்னும் என்ன குறை என்று கேட்டிருந்தாய், தம்பி. திரையில் உள்ளதை உரக்கப் படிக்கும் திரைவாசிப்பான் அந்த வரியைப் படித்துவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடும். கேட்பவருக்கு அங்கே ஒரு படம் இருப்பது தெரியுமேயன்றி, அது சொல்லும் விஷயம் தெரியாது. உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2008-ல் வெளியிட்ட அணுகல்தன்மை நெறிமுறைகள் கேட்பது படத்தின் பெயரை அல்ல, படத்தின் நோக்கத்தையே நிறைவேற்றும் உரையை.

டால்ஸ்டாயின் பெருநாவலை டி. எஸ். சொக்கலிங்கத்தின் 'போரும் வாழ்வும்' வழியாகப் படித்த காலந்தொட்டு அப்படையெடுப்பைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்து வருகிற எனக்கு, சார்ல் ஜோசப் மினார் 1869-ல் வெளியிட்ட அந்தச் சித்திரத்தைப் போல மனத்தில் தைத்தது வேறில்லை. 1812-ல் நீமன் நதியைக் கடந்த 4,22,000 பேரைக் குறிக்கும் அகன்ற பட்டை, மாஸ்கோவை அடைகையில் ஒரு லட்சமாகவும், திரும்பி வருகையில் 10,000 ஆகவும் மெலிந்துவிடுகிறது. பனியே சேனையை அழித்தது என்று பலர் நம்பியிருக்க, வழியில் பிரிந்துபோன கிளைப்படைகளைக் கழித்த பிறகும், பெரும்பகுதி பனிக்காலத்துக்கு முன்பே, போகும் வழியிலேயே கரைந்ததை அல்லவா அது காட்டுகிறது! இதைச் சொல்லாமல், 'பழுப்புப் பட்டை வலப்புறம் செல்கிறது, கறுப்புப் பட்டை திரும்புகிறது' என்று நிறங்களை வர்ணிப்பதால் என்ன பிரயோஜனம்?

எண்களை அட்டவணையாக்கிவிட்டால் போதும் என்பாய். அட்டவணை அவசியந்தான், ஆனால் திரும்பும் வழியில் 20,000 என்ற எண்ணுக்கு அடுத்து 50,000 வருகிறதே, செத்தவர்கள் எழுந்து வந்தார்களா? போலோட்ஸ்க் பக்கமிருந்து வந்த 30,000 பேர் அவ்விடத்தில் சேர்ந்துகொண்டனர். கண்ணுள்ளவன் கிளைப் பட்டை வந்து கலப்பதைப் பார்த்தே இதை அறிகிறான். உடனே பெரெசினா நதியைக் கடக்கையில் அந்த 50,000 பேர் 28,000 ஆகிவிட்டதும், படத்தின் அடியில் ஓடும் உஷ்ணநிலைக் கோடு திரும்பும் பயணத்துக்கு மட்டுமே உரியது என்பதும் வாக்கியங்களாகவே வரவேண்டும். படத்தைத் தானே புரிந்துகொள்ளாதவன் அதைப் பிறருக்கு விவரிக்க முடியாது, தம்பி. இங்கே சோம்பலுக்கு இடமில்லை.

இந்த விரிவான விவரிப்பை எங்கோ ஒளித்து வைக்காதே. படத்தின் கீழேயே, எல்லோர் கண்ணிலும் படும்படி வை. நிறங்களைப் பிரித்தறிய இயலாதவர்களும், சிக்கலான சித்திரம் கண்டு திகைப்பவர்களும் அதையே நாடுவார்கள். உன் ஒரு வரியை நீக்க வேண்டாம். 'விவரம் கீழே' என்று அதனோடு சேர்த்துவிடு. பிறகு திரைவாசிப்பான் பயன்படுத்தும் ஒருவரிடம் கொடுத்து, சேனை எங்கே அதிகம் குறைந்தது என்று கேள். அவரால் சொல்ல முடியாவிட்டால் திருத்தி எழுதி எனக்கு அனுப்பு.