பழைய வேன் மலிவாகக் கிடைத்தால்: பணத்தை எங்கே முதலில் போடுவது?

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்று நமது பெரியவர்கள் சொல்வார்கள். பழைய வேன் வாங்கும் வியாபாரிக்கு இதை விடப் பொருத்தமான பழமொழி கிடையாது.

சந்தைக்குச் சந்தை சரக்குக் கொண்டு போகும் சகோதரர்கள் பலர் இன்று ஒரு பழைய வேனை வாங்கி, கீழே சரக்கு, மேலே படுக்கப் பலகை, ஒரு லைட், ஒரு ஃபேன் என்று அமைத்துக்கொள்ள விரும்புகிறார்கள். வெளிநாடுகளில் கேம்பர் வேன் என்பதும் ஏறத்தாழ இதுதான். மொனராகலைக்கோ மஹியங்கனைக்கோ முதல் நாள் இரவே போய்ச் சேர்ந்தால் லொட்ஜ் கூலி மிச்சம். சரக்கும் கண் முன்னாலேயே இருக்கும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர் பழைய வேன்களின் விலை ஏறியது. 2025 இல் இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்ட போதிலும், வரிச் சுமையால் புதிய வேன் சிறு வியாபாரிக்கு எட்டுவதாக இல்லை. ஆகவே 25, 30 வருடம் ஓடிய டொல்பின், லொட்டோ, கரவன் வேன்களையே நாம் நாட வேண்டியுள்ளது.

சில வருடங்களுக்கு முன்னர் நானும் அப்படி ஒன்றை வாங்கினேன். கையில் மிஞ்சிய பணத்தில் முதலில் பெயின்ட் அடித்தேன், குஷன் வேலை செய்தேன். பார்த்தவர்களெல்லாம் "நானா, புது வேன் மாதிரி இருக்கு" என்றார்கள். ஒக்டோபர் மழை வந்தது. கூரை ஓரத்து வெடிப்பால் தண்ணீர் இறங்கி, பலகைக்குக் கீழே தேங்கி, அடித்தகடு ஓட்டையானது. ஆறு கட்டுச் சாரம் நனைந்து நிறம் இறங்கியது. செய்த வேலையெல்லாவற்றையும் கழற்றி மீண்டும் செய்தேன். நான் பிழை விட்டது செலவு செய்த ஒழுங்கில். அந்த ஒழுங்கைத்தான் இங்கே தருகிறேன்.

1. வாங்குமுன்: செசி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் பதிவுச் சான்றிதழுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். அதில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், கடன் தீர்ந்ததற்கான ஆவணம் இல்லாமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். சில்லுக்கு மேலுள்ள தகடு, கதவுப் படியின் அடிப்பக்கம், முன் கண்ணாடியின் கீழ் மூலைகள் ஆகியவற்றை ஸ்குரூ டிரைவரால் தட்டிப் பாருங்கள். உள்ளே இறங்கினால் கறள் தின்றுவிட்டது என்று பொருள். எஞ்சினுக்குச் சாமான் பஞ்சிகாவத்தையில் தேடலாம். செசி கறள் பிடித்த வேனை விட்டுவிடுங்கள். கையில் 100 ரூபாய் இருந்தால் 60 ரூபாய்க்கு மேல் வேனுக்குக் கொடுக்காதீர்கள். மிகுதி 40 ரூபாயும் வேலைக்கு வேண்டும்.

2. தண்ணீர்: ஒருவர் டோர்ச்சுடன் உள்ளே இருக்க, மற்றவர் குழாயால் கீழிருந்து மேலாகத் தண்ணீர் அடிக்க வேண்டும். அப்போதுதான் எந்த இடத்தால் ஒழுகுகிறது என்பது தெரியவரும். கண்ணாடி பீடிங் காய்ந்திருந்தால் மாற்றுங்கள். வினாகிரி மணம் வீசும் சிலிக்கனைத் தகட்டில் பூசக் கூடாது, அதுவே கறளை உண்டாக்கும். வாகன பொடிக்கென விற்கும் பொலியூரிதேன் சீலன்டே பொருத்தமானது.

3. கறள்: கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, கறள் மாற்றும் திரவம் பூசி, காய்ந்த பின் பிரைமர் அடியுங்கள். ஓட்டையை வெட்டிப் புதுத் தகடு வெல்டிங் செய்ய வேண்டும். கறளுக்கு மேல் பட்டி பூசினால் உள்ளே அது வளர்ந்துகொண்டே போகும்.

4. பிரேக், டயர்: சரக்கு ஏற்றும் வண்டிக்குப் பிரேக் ஹோஸ்களையும் சிலிண்டர்களையும் கட்டாயம் பார்க்க வேண்டும். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரம் செய்தது. பத்து வருடம் கடந்த டயர், தேயாமல் இருந்தாலும் வேண்டாம்.

5. மின்சாரம்: 10 வொட் லைட் 5 மணித்தியாலம் 50, 20 வொட் ஃபேன் 8 மணித்தியாலம் 160, போன் சார்ஜ் 30, மொத்தம் 240 வொட் மணி. 12 வோல்ட்டால் பிரித்தால் 20 அம்பியர் மணி. சாதாரண பெற்றரியைப் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்பதால் குறைந்தது 40 தேவை. 60 அம்பியர் மணிப் பெற்றரி ஒன்றை இரண்டாவதாகப் போட்டால் தாராளம். எஞ்சின் நிற்கும் போது இரண்டு பெற்றரிகளையும் பிரிக்கும் ரிலே ஒன்று போடுங்கள். இல்லாவிட்டால் காலையில் வேன் ஸ்டார்ட் ஆகாது, சந்தையும் போய்விடும். பெற்றரிக்கு அருகிலேயே ஃபியூஸ் இருக்க வேண்டும்.

6. பலகை: 12 மில்லிமீற்றர் பிளைவுட்டில் மூடி திறக்கும் பெட்டிகள் செய்து, கழற்றக் கூடிய விதமாக போல்ட் போடுங்கள். பாரமான சரக்கு கீழேயே இருக்கட்டும். சாரதிக்குப் பின்னால் தடுப்பு ஒன்று அவசியம். ஆசனங்களை அகற்றுவது, பொடியை வெட்டுவது போன்ற மாற்றங்களுக்கு முன்னர் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் காப்புறுதிக் கம்பனியிலும் கேட்டுக்கொள்ளுங்கள். விபத்து நடந்த பின் கேட்டுப் பயனில்லை.

7. உயிர்ப் பாதுகாப்பு: எஞ்சினை ஓட விட்டுத் தூங்கக் கூடாது. புகையிலுள்ள காபன் மொனொக்சைட் மணமில்லாமலே ஆளைக் கொல்லும். சமையல் எரிவாயு காற்றை விடப் பாரமானது. கசிந்தால் வேனின் அடியில் தேங்கி நிற்கும். ஆகவே சமையலை வெளியே வைத்துக்கொள்ளுங்கள். தூங்கும் போது இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் சற்றுத் திறந்து வையுங்கள்.

பெயின்டும் குஷனும் இவை எல்லாவற்றுக்கும் பிறகுதான். அவற்றை அடுத்த வருடமும் செய்யலாம், மழை அதுவரை பொறுக்காது.

கடைசியாக, வேனுக்கென ஒரு கொப்பி போட்டு ஒவ்வொரு சதத்தையும் எழுதுங்கள். வாங்கிய விலையும் வேலைச் செலவும் சேர்ந்து நல்ல நிலையிலுள்ள வேனொன்றின் விலையை நெருங்கினால், அந்த இடத்திலேயே நிறுத்தி யோசியுங்கள். கடையின் முதலை வேன் தின்ன விடக் கூடாது.