பொது நிரலும் அதைச் சார்ந்த செயலியும்

மைசூரின் விஜயநகரில் வீட்டு மாடிகளில் தண்ணீர்த் தொட்டிகள் நிற்பதைக் காணலாம். நகரின் பொதுத் தேக்கத்து நீரைத் தூய்மை செய்தாலும், நேற்றே மாடித் தொட்டியில் ஏறிவிட்ட நீர் அதனால் தூய்மையாவதில்லை. வலைச் செயலிகளைக் கணினி வழங்கியில் நிறுவுவோர் எதிர்கொள்ளும் இடர்ப்பாடும் ஏறத்தாழ இத்தகையதே.

வலைச் செயலி எதுவும் முற்றிலும் புதிதாக எழுதப்படுவதில்லை. தேதியைக் கணித்தல், நிகழ்ச்சிக் குறிப்பு எழுதுதல் போன்ற பணிகளுக்குப் பொது நிரல்களே பயன்படுகின்றன. அவற்றின் ஒரே படியை வழங்கியில் வைத்து எல்லாச் செயலிகளும் பகிர்ந்து கொள்ளலாம். அல்லது செயலிதோறும் தனிப் படி வைக்கலாம்.

விஜயநகரில் ஒரு பள்ளியின் வருகைப் பதிவும் மழைமானி அளவுப் பதிவும் ஒரே வழங்கியில் இயங்கி, தேதிக்கான பொது நிரலைப் பகிர்ந்து கொள்வதாகக் கொள்க. மழைப் பதிவின் தேவைக்காக, மாதம் முதலில் வருமாறு அந்நிரல் மாற்றப்படுகிறது. மறுநாள், ஏப்ரல் 3ஆம் தேதிக்குரிய வருகை மார்ச் 4இல் பதிவாகிறது. வருகைச் செயலியை எவரும் தொடவில்லை. பிழைச் செய்தியும் தோன்றுவதில்லை. ஆசிரியர் கண்டறியும் வரை தவறு வளர்ந்துகொண்டே இருக்கும்.

இதைத் தவிர்க்கப் பழைய செயற்கூற்றை மாற்றாது, புதியதை வேறு பெயரில் அதனருகே சேர்த்தல் வேண்டும். முதலில் பொது நிரல் நிறுவப்படும். பின்னர்ச் செயலிகள் ஒவ்வொன்றாகப் புதியதற்கு மாறும். எல்லாம் மாறிய பின்னரே பழையது நீக்கப்படும். பின்வாங்க நேரின் செயலியே முதலில் பழைய பதிப்புக்குத் திரும்ப வேண்டும். இவ்வரிசை பிறழ்ந்தால் நிறுவல் தோல்வியுறலாம்.

தனிப் படி வைப்பின் இத்தொல்லை இல்லை. ஆனால் அதன் விலை 2021 டிசம்பரில் வெளிப்பட்டது. ஜாவா மொழிச் செயலிகளில் நிகழ்ச்சிக் குறிப்பு எழுதும் ‘லாக்4ஜே’ என்னும் பொது நிரலில் ஒரு பெருங்குறை கண்டறியப்பட்டது. வெளியார் அனுப்பும் ஒரு வரி எழுத்தே, அவர்தம் நிரலை வழங்கி தானே தருவித்து இயக்கச் செய்துவிடும்! திருத்தம் 2.15.0 பதிப்பில் வந்தது. அதுவும் போதாமல், அம்மாதத்திலேயே 2.16.0, 2.17.0, 2.17.1 எனப் பதிப்புகள் தொடர்ந்தன. திருத்தம் கிடைத்தும், பழைய படி எந்தெந்தச் செயலிக்குள் உறைகின்றது என்பதே பலருக்குத் தெரியவில்லை. தொகுப்புக்குள் தொகுப்பாக அது புதைந்திருந்தது.

‘டாம்கேட்’ வழங்கியில் மற்றொரு பொறியும் உண்டு. இயல்பமைப்பில், செயலிக்குரிய கோப்புறையையே அது முதலில் நாடும். பொதுக் கோப்புறையைப் பின்னரே பார்க்கும். ஆகவே பொதுப் படியைத் திருத்தியவர் பணி முடிந்ததென எண்ணியிருக்க, செயலி தன்னிடமுள்ள பழைய படியையே இயக்கிக்கொண்டிருக்கும். வழங்கியை மறுபடி தொடங்காவிடின், நினைவகத்தில் ஏறிய பழைய நிரலும் நீங்காது.

செயலியின் உறுப்பு நிரல்களைப் பதிப்பெண்ணுடன் பட்டியலிடுவதற்கான வழிகாட்டியை, இந்தியக் கணினி அவசரகாலச் செயற்குழுவான ‘செர்ட்-இன்’ 2024 அக்டோபரில் வெளியிட்டது. பட்டியலை வழங்கியில் உண்மையில் இயங்கும் படியினின்று எடுத்தல் நன்று. எழுதியவரின் கணினியிலுள்ள படி வேறாக இருத்தல் கூடும்.