விமானியின் மேற்சட்டை: மெய்யும் பிரதியும்

பழம்பொருள் ஒன்று நம் கைக்கு வருங்கால் அதனோடு ஒரு கதையும் உடன்வருதல் இயல்பு. “இரண்டாம் உலக யுத்த காலத்திற் பலாலியில் இருந்த வெள்ளைக்கார விமானி விட்டுச் சென்றது” என்று கூறி ஒருவர் தோற்சட்டை ஒன்றைக் காட்டுவாராயின், அக்கூற்றை நாம் எங்ஙனம் ஏற்பது? எங்ஙனம் மறுப்பது? கல்விக் கூடமொன்றின் பொருட்காட்சிக்கு அச்சட்டை வழங்கப்படுமாயின் இவ்வினா இன்னும் முக்கியமாகின்றது. கண்ணாடிப் பேழையுள் வைத்த பொருளை மாணவர் ஐயுறுவதில்லை.

அறிவு பிறக்கும் வாயில்களை அளவை என்பர் நம் முன்னோர். அளவைகள் பலவாயினும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அவை அடங்கும் என்பது சிவஞான சித்தியாரின் அளவை இயல் காட்டும் நெறி. அம்மூன்றையும் கொண்டே இச்சட்டையை ஆராய்வாம்.

வெயில் மிகுந்த யாழ்ப்பாணத்தில் தோற்சட்டைக்கு என்ன வேலை என மாணவர் சிலர் வினவக்கூடும். நிலத்திலிருந்து மேலே செல்லச் செல்ல ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் ஏறக்குறைய 6.5 பாகை வெப்பம் குறையும். தரையில் 30 பாகையாயின் 6 கிலோமீற்றர் உயரத்தில் அது உறைநிலைக்கும் 9 பாகை கீழாகும். அக்காலத்து விமானங்கள் பலவற்றில் அறைச் சூடு போதாது. ஆதலின் விமானியின் சட்டை அழகுக்காக அன்றி, உயிர் காத்தற்காக அமைந்தது.

பலாலி விமானத் தளம் யுத்த காலத்திற் பிரித்தானிய வான்படையினரால் அமைக்கப்பட்டது. அவர்கள் அதனைக் காங்கேசன்துறைத் தளம் என வழங்கினர். 1945ஆம் ஆண்டில் அவ்வான்படையின் 203ஆம் அணி லிபரேற்றர் விமானங்களுடன் அங்கு இருந்தது. யுத்தம் முடிந்தபின், 1947ஆம் ஆண்டு டிசெம்பர் 10ஆம் நாள், எயர் சிலோன் நிறுவனத்தின் முதற் பயணம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு நடைபெற்றது. ஆகவே விமானியின் சட்டை ஒன்று குடாநாட்டில் எஞ்சியிருத்தல் நடக்கக்கூடியதே. நடக்கக்கூடியது வேறு, நடந்தது வேறு.

படைச் சட்டையையும் கடைச் சட்டையையும் பிரித்தறிதற்கு அடிப்படையான விதி ஒன்று உண்டு. படைச் சட்டை களஞ்சியப் பொறுப்பாளரோடு பேசும். கடைச் சட்டை வாங்குவோரோடு பேசும். முன்னதில் எழுதப்பட்டிருப்பன எவருடைய சொத்து, எந்த வகை, எந்தக் கட்டளையின்படி செய்யப்பட்டது என்பன. பின்னதில் முனைந்து நிற்பன வணிகப் பெயரும் கண்ணைக் கவரும் சின்னமுமாம். இவ்விதியை மனத்திற் கொண்டு மேலே செல்வாம்.

1. காண்டல்

பிரித்தானிய விமானிகளின் புகழ்பெற்ற செம்மறித்தோற் சட்டை ‘இர்வின்’ எனப்படும். பரசூட் குடை செய்வதிற் பெயர்பெற்ற அமெரிக்கரான லெஸ்லி இர்வின் அதனை அமைத்தார். 1930களின் தொடக்கம் முதல் அது வழக்கில் இருந்தது. உரோமம் உட்புறமாகவும் தோல் வெளிப்புறமாகவும் இருக்கும். இடுப்பிற் பட்டியும், கைகளின் முனையிற் சிப்பும் உண்டு. வெளிப்புறத்தே கை நுழைக்கும் பைகள் இல்லை. பிற்காலப் பிரதிகள் பலவற்றிற் பைகள் உள. கடைவீதியில் நடப்போருக்குப் பை வேண்டுமன்றோ! யுத்தம் நீளத் தோல் அருகியமையால், முன்னர்ப் பெருந்துண்டுகளால் தைத்த சட்டை பின்னர்ச் சிறு துண்டுகள் பலவற்றால் தைக்கப்பட்டது. எனவே ஒட்டுகள் மிகுந்திருத்தல் குற்றமன்று.

அமெரிக்க வான்படையினரின் ‘ஏ-2’ சட்டை 1931ஆம் ஆண்டு ஏற்றுக்கொள்ளப்பட்டது. பெரும்பாலும் குதிரைத் தோலால் ஆனது. தோள்களிற் பட்டி, கையிலும் இடையிலும் பின்னற் கம்பளி, மார்பின் கீழ் மூடியுள்ள இரு பைகள், ஒரே துண்டாலான முதுகுப்புறம் என்பன அதன் இலக்கணம். கழுத்தின் உட்புறத்துச் சீட்டில் வகைப்பெயர், 30-1415 என்னும் வரைபட இலக்கம், கட்டளை இலக்கம், செய்தவர் பெயர், இது தரைப்படையின் வான்பிரிவுக்குரிய சொத்து என்னும் வாசகம் ஆகியன காணப்படும். முதுகின் நடுவே தையல் ஓடினால் ஐயுறுக. பக்கவாட்டிற் கை நுழையும் பை இருப்பின் அது யுத்தகாலச் சட்டை அன்று. ஆயினும் அதனை உடனே கடைச் சட்டை எனத் தள்ளிவிடலும் ஆகாது. 1980களின் இறுதியில் அமெரிக்க வான்படை இச்சட்டையை மீண்டும் வழங்கத் தொடங்கியது. அப்புதிய வகையிற் பின்னர் அத்தகைய பைகளும் சேர்க்கப்பட்டன.

சீட்டை மாத்திரம் நம்புதல் தவறு. இன்று திறமையுள்ள பிரதியாளர் பழைய சீட்டையும் எழுத்துக்கெழுத்து நெய்து விடுகின்றனர். ஆதலிற் சீட்டைச் சுற்றியுள்ள தையலை நோக்குக. பழைய ஊசித் துளைகளின்மேற் புதிய நூல் ஓடுகின்றதா? சீட்டு வெளிறியிருக்க, அதன் அயலிலுள்ள துணி வெளிறாதிருக்கின்றதா? உண்மையான தேய்வு முழங்கை, கழுத்து, பையின் வாய் ஆகிய இடங்களிலேயே மிகும். செயற்கைத் தேய்வு எங்கும் ஒரு படித்தாய் இருக்கும்.

2. கருதல்

கண்டவற்றிலிருந்து காணாததை அறிதல் கருதல். இங்கே ஆண்டுகளே நமக்குத் துணை. பிரித்தானிய விமான அமைச்சின் அடையாளம் முடியுடன் கூடிய ‘ஏ.எம்.’ என்னும் ஈரெழுத்து. 1952இல் இறந்த ஆறாம் ஜோர்ஜ் மன்னர் காலத்து முடியின் வளைவுகள் மேலே உருண்டு நிற்கும். இரண்டாம் எலிசபெத் அரசியார் காலத்து முடியின் வளைவுகள் நடுவே தாழ்ந்திருக்கும். தாழ்ந்த வளைவுடைய முடி பொறித்த சட்டை 1945இற் பலாலியில் இருந்திருத்தல் இயலாது. அவ்வமைச்சும் 1964இற் பாதுகாப்பு அமைச்சுடன் இணைக்கப்பட்டது.

அமெரிக்கச் சட்டைகளில் ‘டி.எஸ்.ஏ.’ எனத் தொடங்கும் ஒப்பந்த இலக்கம் இருப்பின், அது 1961இல் நிறுவப்பட்டு 1977இற் பெயர் மாறிய பாதுகாப்பு வழங்கல் நிறுவனத்தைச் சுட்டும். அமெரிக்கச் சட்டையிற் பதின்மூன்று இலக்கங்கொண்ட களஞ்சிய எண் 1974க்குப் பிற்பட்டது. ஒட்டிப் பிரிக்கும் வெல்குரோ நாடா 1950களின் ஆக்கம். நைலோனாலான ‘எம்.ஏ.-1’ சட்டையும் 1950ஐ ஒட்டியே தோன்றியது. மீட்புக்கு வருவோர் கண்ணிற்படும் செம்மஞ்சள் உள்துணி அதற்கும் பின்னர் வந்தது. அத்தகைய சட்டையைக் காட்டி “பலாலி யுத்தகாலச் சட்டை” என்பார் சொல்லை ஒரு கணத்தில் மறுக்கலாம்.

இன்னுமொன்று. லிபரேற்றர் அமெரிக்காவிற் செய்த விமானமாயினும், காங்கேசன்துறையில் அதனைச் செலுத்திய 203ஆம் அணி பிரித்தானிய வான்படையைச் சேர்ந்தது. ஆகவே அங்கு எஞ்சியதாகச் சொல்லப்படும் சட்டையிற் பிரித்தானிய அடையாளத்தையே முதலில் எதிர்பார்த்தல் வேண்டும். அமெரிக்கச் சட்டை வந்திருத்தல் இயலாததன்று. ஆனால் எப்படி வந்தது என்பதற்குத் தனிச் சான்று வேண்டும்.

3. உரை

உரையளவை நம்பத்தக்கோர் வாய்ச்சொல். பொருளை வைத்திருந்தோர் கூறுவதை இகழ்தல் கூடாது. அவ்வாறே பொருளின்மேல் ஏற்றி எழுதுதலும் கூடாது. சட்டையிற் கண்டவற்றை ஒரு தாளிலும், சொல்லக் கேட்டவற்றைச் சொன்னவர் பெயரும் நாளும் குறித்து மற்றொரு தாளிலும் எழுதிவைத்தல் நன்று. சிப் உடைந்திருப்பினும் மாற்றற்க. தோலுக்கு மெருகு பூசற்க. பழுதும் ஒரு சான்றே.

பிரதி செய்தல் இழிவன்று. பிரதி எனக் கூறி விற்பவர் நேர்மையான வணிகர். குளிருக்கு அது போதும். பிரதியை மெய்யென்று கூறும்போதே அது போலியாகின்றது. வெளிநாடுகளில் வாழும் பழைய மாணவர்கள் இத்தகைய பொருள்களைப் பெரும்பொருள் கொடுத்து வாங்குமுன் இவ்வேறுபாட்டை நினைவிற் கொள்க.

நம் நாட்டில் இவ்வாராய்ச்சி வெறும் பொழுதுபோக்கன்று. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் அழிந்தன. 1990இற் பலாலி, வசாவிளான் முதலிய ஊர்களின் மக்கள் இடம்பெயர்ந்தபோது வீட்டுப் பெட்டகங்களில் இருந்தவையும் சிதறின. ஏடு குறைந்த இடத்தில் எஞ்சிய பொருளே சாட்சியாக நிற்கின்றது. பொய்ச் சாட்சி ஒன்று பேழையுள் ஏறுமாயின், அதன் அருகிலுள்ள மெய்ச் சாட்சிகளும் ஐயத்துக்குள்ளாகும். ஆதலின் நம் இல்லங்களில் எஞ்சியிருப்பவற்றை, சட்டையாயினும் கடிதமாயினும் நிழற்படமாயினும், இம்மூன்று அளவைகளாலும் ஆராய்ந்து, அறிந்ததை அறிந்த அளவிலே எழுதிவைப்போமாக.